பாலையூற்றுப் போர்த்துக்கேயமும் நம் தமிழும்: உலகமயம் உண்மையில் எதைக் கொல்கிறது?

கோணமலைக் குறுமுனி (இழையைத் தொடங்கியவர்)

உலகமயமாக்கல் தமிழை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்ற பேச்சை மேடைக்கு மேடை கேட்டுச் சலித்துவிட்டது. மங்கல விளக்கு, பொன்னாடை, அதன்பின் ஆங்கிலத்தின் மேல் ஒரு மணி நேர வசை. பேசி முடித்ததும் பேச்சாளரே பேரப்பிள்ளையை ஆங்கில வகுப்பிலிருந்து ஏற்றிவரப் புறப்படுவார். அதில் பிழை காண நான் வரவில்லை. பேரப்பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும்தான். திருகோணமலையில் நின்றுகொண்டு உலகமயத்தை நேற்றுக் கரையிறங்கிய ஒன்றாகப் பேசுகிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தத் துறைமுகத்துக்கு உலகம் வராத காலம் எது? 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர். இடையில் கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரர். 1795இல் ஆங்கிலேயர். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. சீனன்குடாவில் ஆங்கிலேயர் விட்டுப்போன எண்ணெய்க் குதங்களைப் பற்றிக் கொழும்பும் டில்லியும் பல ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தன.

வந்தவர்களின் மொழிகளுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். நம் திருகோணமலைப் பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் ஒரு போர்த்துக்கேயம் வழங்கிவந்தது. லிஸ்பனில் பேசுவது அல்ல, இங்கேயே பிறந்து வளர்ந்த கலப்புமொழி, கிரியோல். 1658இல் போர்த்துக்கேயர் தீவைவிட்டே துரத்தப்பட்ட பிறகும் அது போகவில்லை. வென்றவர்களான ஒல்லாந்தரின் வீடுகளுக்குள் புகுந்து அவர்களுடைய மொழியையே ஓரங்கட்டியது. நம்மோடு பழகிப் பழகி, வினையை வசனத்தின் கடைசியில் வைக்கும் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் கோவா முதல் மலாக்கா வரை எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஏதோ ஒரு வகைப் போர்த்துக்கேயத்தால் காரியம் நடத்தலாம். அந்தக் காலத்து ஆங்கிலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்று லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, மிஞ்சியிருப்பதைச் சேகரித்துப் போகிறார்கள்.

அதை யாரும் தடை செய்யவில்லை. யாரும் அதில் தமிழைத் திணிக்கவும் இல்லை. பாடசாலையில் அதற்கு இடம் இல்லை, கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் இல்லை, சந்தையில் இல்லை. வீடு மட்டும் மிஞ்சியது. பிறகு வீட்டிலும் பிள்ளைகளோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசத் தொடங்கினார்கள். பிறமொழிச் சொல் புகுந்து எந்த மொழியும் செத்ததில்லை, வேலைகள் ஒவ்வொன்றாகப் பறிபோய்த்தான் சாகின்றன என்பது என் கட்சி. அப்படியானால் நம் ஊரில் தமிழிடமிருந்து எந்த வேலைகள் போயின, எவை இருக்கின்றன? ஆவேசப்படாமல், கண்டதை வைத்துச் சொல்லுங்கள்.

சோளகம்

கண்டதையே சொல்கிறேன். உப்புவெளிக் கரையில் பிறந்தவன் நான். கரைவலை வளைத்தால், மீன் சேரும் மடி கரைக்கு வருமட்டும் இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க வேண்டும். எல்லாருடைய காலும் ஒன்றாகப் பின்னே போக வேண்டும், கை ஒன்றாக மாற வேண்டும். ஒருவன் பிசகினாலும் பாரம் அடுத்தவன் தோளில் ஏறும். அதற்குத்தான் அம்பாப் பாட்டு. இழுவையை நடத்தும் தண்டல் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனத்தை அவர் பக்கத்தில் நிற்கும்போதே பகிடி பண்ணும் அடிகள் உண்டு. அவர் கோபிக்க முடியாது, கோபித்தால் இழுவை நின்றுவிடும். இங்கே எழுத முடியாத அடிகளும் உண்டு.

இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கயிற்றைச் சுற்றுகிறார்கள். வின்ச் பிடிக்க ஒருவர், கயிற்றைப் பார்க்க ஒருவர், மடி கரை தொடும்போது இன்னும் சிலர். இரைச்சலில் பாட்டும் எடுபடாது, தேவையும் இல்லை. முன்பு வலை வளைத்த பாடுகள் என்னும் கரையிடங்கள் சிலவற்றில் இன்று விடுதிகளின் சாய்மனைக் கதிரைகள் கிடக்கின்றன. ஆக, அம்பாவை ஆங்கிலப் பாட்டு வந்து துரத்தவில்லை. அதைப் பாடிய தோள்களுக்கு வேலை போயிற்று, அவ்வளவுதான். குறுமுனி ஐயாவின் கணக்குக்கு இது ஒத்துவருகிறது.

ஒத்துவராததும் ஒன்று உண்டு. நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு ஓட்டும் பையன்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் விலை பேசுவார்கள், ஜெர்மன்காரருக்கு ஜெர்மனில் வணக்கம் வைப்பார்கள், கொழும்பிலிருந்து வந்த குடும்பத்தோடு சிங்களத்தில் சிரித்துப் பேசுவார்கள். காற்று மாறுகிறது, முருகைக்கல் தட்டப்போகிறது என்றால் மட்டும் படகின் முனையில், அணியத்தில் நிற்பவனுக்குக் குரல் தமிழில்தான் போகும். மொழி கூடக்கூட அவர்களுடைய தமிழ் குறைந்ததாக நான் காணவில்லை.

டச்சுக்குடாக் காகம்

ஆபத்துக்குத் தமிழ், சம்பளத்துக்கு ஆங்கிலம். நல்ல ஏற்பாடு.

பழைய கந்தோர்

தம்பிமார் எல்லாரும் வெளிநாட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் மேசைக்கு வந்த சுற்றறிக்கைகளில் பெரும்பாலானவை சிங்களத்தில் வந்தன. தமிழ்ப் பிரதி பின்னால் வரும், அல்லது வராது. ஆனால் அதை மக்களுக்கு விளக்க வேண்டியவன் நான்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1958இல் தமிழுக்கென்று ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம், நடைமுறையில் ஆமை வேகம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கி, ஆங்கிலத்தை இணைப்புமொழி என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் சட்டம் வந்தது. கடதாசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காணிப் பிரச்சினைக்குத் தமிழில் கடிதம் கொடுத்தவர், பதில் கேட்டு எத்தனை தரம் படியேறினார் என்று அந்தப் படிகளுக்குத் தெரியும். கெட்டிக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார்கள். சிங்கள அதிகாரிக்கும் வாசிக்க முடியும், தமிழருக்கும் மானம் போகாது. நம் ஊரில் ஆங்கிலம் கால் ஊன்றியதில் பாதி இந்த வழியாக. அதற்கு வோல் ஸ்ட்ரீட் தேவைப்படவில்லை.

உலகமயம் வசதியான குற்றவாளி. அதைத் திட்டினால் யாருக்கும் வழக்கு வராது.

கிண்ணியாத் துறையடி

கந்தோர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்துக் கதை வேறு. 2009இல் பாலம் திறக்குமட்டும் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் இந்தப் பக்கம் வருவோம். ஆனாலும் பாலத்துக்கு முன்பே உலகம் எங்களுக்குள் வந்துவிட்டது. எண்பதுகளில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் மத்திய கிழக்கில் இருந்தார்கள். காசு வந்தது, கல்வீடு வந்தது, உடுப்பு மாறியது, பெயர்ப்பலகைகளில் அரபு ஏறியது.

இதைத்தான் எல்லாரும் "அரபுமயம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். என் பாட்டி, உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழை, அரபுத்தமிழை, விரல் வைத்து வாசிப்பார். அதில் நோன்பின் சட்டமும் இருக்கும், நபிமார் சரித்திரமும் இருக்கும். அதை ஒழித்தது வளைகுடா அல்ல. தமிழ் எழுத்தில் எல்லாரையும் வாசிக்க வைத்த இலவசக் கல்விதான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானே அந்தக் கல்வியில் வந்த ஆசிரியை. ஆனாலும் தமிழின் ஓர் உடுப்பு போனது தமிழின் வெற்றியால்தான்.

கவியும் அப்படித்தான். எங்கள் பெண்கள் வயலிலும் அடுப்படியிலும் கவி கட்டுவார்கள். மாப்பிள்ளை கடல் கடந்து போன பிறகு கடிதத்தில் கவி வைத்து அனுப்பிய சாச்சிமாரை எனக்குத் தெரியும். இப்போது கடிதம் இல்லை. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார்கள், எழுதப்படிக்கத் தெரியாதவரும் ரியாத்தில் இருக்கும் மகனைத் தம் ஊர்த் தமிழிலேயே ஏசுகிறார். இது தமிழுக்கு வேலை போனதா, கூடியதா? குறுமுனி காக்கா (அண்ணன்) இதற்கு ஒரு கணக்குச் சொல்லட்டும்.

இன்னொன்று. எங்களுக்குத் தாய்மொழி தமிழ். ஆனால் "தமிழர் அடையாளம்" என்று நீங்கள் எழுதும்போது அதில் நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று ஒருமுறைக்கு இருமுறை வாசித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

பாலையூற்று மகள்

முதல் பதிவைப் படித்துவிட்டு ஒதுங்கிப் போகத்தான் நினைத்தேன். எங்கள் மொழியை வைத்து ஒரு பிரேத பரிசோதனையே நடத்திவிட்டீர்கள். அந்த மொழி இன்னும் அடங்கவில்லை ஐயா. என் அம்மம்மா தன் தங்கையோடு அதில்தான் சண்டை பிடிப்பார். மட்டக்களப்பில் கலியாண வீட்டுக்குப் போனால் அதில் பாடி ஆடுவதை இன்றும் பார்க்கலாம்.

வேலை போனதால் மொழி போனது என்கிறீர்கள். எங்கள் ஆட்கள் தச்சர், கொல்லர், தையல்காரர், சப்பாத்துத் தைப்பவர். பட்டறைக்குள் அப்பாவும் மகனும் பேசிய மொழி அது. 1956க்குப் பிறகு ஆங்கிலம் தெரிந்த பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். போக வழியில்லாதவர்கள் இங்கே தங்கினோம். தங்கியவர்களின் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைக்குப் போனார்கள், அங்கே எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தது வெள்ளைக்காரன் அல்ல. என் அம்மா அந்த மொழியை எங்களுக்குத் தராமல் நிறுத்தியது அந்தச் சிரிப்புக்காக. வேலை, சட்டம், சந்தை எல்லாம் பெரிய சொற்கள். வெட்கம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவில் ஒரு கோணமலையான்

அக்கா சொன்ன வெட்கம் இங்கே கனடாவில் தலைகீழாக நடக்கிறது. என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வெட்கம் இல்லை, பெருமைதான். ஆனால் பேச வருவதில்லை. சனிக்கிழமை வகுப்பு, அரங்கேற்றம், பட்டுச்சேலை எல்லாம் உண்டு. பெருமைக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான்.

கந்தோர் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஆட்சிமொழி என்ற தகுதி கிடைத்து, அது ஒழுங்காக நடைமுறையும் ஆனால் போதுமா? சிங்கப்பூரைப் பாருங்கள். நான்கு ஆட்சிமொழிகளில் தமிழ் ஒன்று. பாடசாலையில் உண்டு, தொலைக்காட்சியில் உண்டு, அறிவிப்புப் பலகையில் உண்டு. அப்படியிருந்தும் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 சதவீதம், 2020இல் 2.5 சதவீதம். அரசு எல்லாம் கொடுத்தது. அப்பாவும் அம்மாவும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். மொரீசியஸ் இன்னும் விசித்திரம். பணத்தாளில் தமிழ் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடுகிறது, காவடி எடுப்பவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல். அவர்களிடம் போய் "நீங்கள் தமிழர் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், வேல் நம் மேல் பாயும்.

பழைய கந்தோர்

சிங்கப்பூரில் தமிழில் கடிதம் எழுதியதற்காக யாரும் படியேறி இறங்கவில்லை தம்பி. கொடுத்ததை வேண்டாம் என்று விடுவது வேறு, கொடுக்காமலே விடுவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் விடமாட்டேன்.

வெருகல் ஆற்றோரம்

மொரீசியஸ் வரை போக வேண்டாம். மூதூருக்குத் தெற்கே வெருகல், வாகரைப் பக்கம் தீவின் பழங்குடிகளான கரையோர வேடர் இருக்கிறார்கள். தலைமுறைகளாகத் தமிழ்தான் பேசுகிறார்கள். பழைய வேடமொழியில் பேசுகிறவர் யாரையும் நான் கண்டதில்லை. ஆனால் சடங்கு என்று வந்தால் தம் தெய்வங்களைத் தம் முறையில்தான் அழைக்கிறார்கள், "நாங்கள் வேடர்" என்பதில் அவர்களுக்கு மயக்கம் இல்லை. 1911இல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி எழுதியபோதே கரையோரத்தாரின் தமிழ்ப் பேச்சைக் குறித்திருக்கிறார்கள். அதாவது, இந்த ஊரில் ஒரு சிறு மொழியைத் தின்றதில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்தைப் பற்றிப் புலம்பும்போது அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் புரட்டுவது நல்லது.

கோணேசபுரி மாணவன்

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நான் உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழில் படித்தவன். இங்கே அது முடியும். எங்கள் பாடநூல்களில் ஒளித்தொகுப்பும் மின்பகுப்பும் தமிழில் இருக்கின்றன, பரீட்சையும் தமிழில். பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்த அன்றே எல்லாம் ஆங்கிலம். படித்த பாடம் மறக்கவில்லை, ஆனால் அதைக் கேள்வியாகக் கேட்க வாய் வருவதில்லை. முதல் வருடம் முழுக்க நான் ஊமை.

இதற்கு இரண்டு மருந்து சொல்கிறார்கள். ஒன்று, ஆறாம் தரத்திலிருந்தே ஆங்கில மொழிமூலம். கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகி நடக்கும் சர்வதேசப் பாடசாலைகளுக்கு அனுப்ப முடியாத பெற்றோர், அரச பாடசாலையின் ஆங்கில வகுப்புக்கு முண்டியடிப்பது இதனால்தான். மற்றது, மேற்படிப்பையும் தமிழில் கொண்டுவருவது. சிரிக்காதீர்கள். சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1860களில் மானிப்பாயில் ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார், உடற்கூற்று நூல்களைத் தமிழில் அச்சிட்டார். வெளியிலிருந்து வந்த ஒருவர் தமிழுக்குப் புதிய வேலை கொடுத்தார். நாம் அதைத் தொடரவில்லை. தொடர்ந்திருந்தால் என் வகுப்பில் எந்த மொழி கேட்டிருக்கும் என்று சில நேரம் யோசிப்பேன்.

இணையம் தமிழைக் கொல்கிறது என்போருக்கும் ஒரு சொல். என் ஒப்படைக்காகத் திருகோணமலையில் அச்சான ஒரு பழைய சஞ்சிகையைத் தேடி நூலகம் நூலகமாக அலைந்தேன். கடைசியில் கிடைத்தது 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில், யாரோ ஒரு தன்னார்வலர் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றியது.

டச்சுக்குடாக் காகம்

என் ஏழு வயது மருமகள் ஆங்கிலமும் பேசவில்லை, திருகோணமலைத் தமிழும் பேசவில்லை. யூடியூப் பார்த்துச் சென்னைத் தமிழ் பேசுகிறாள். பாட்டியை "வாங்க போங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாள், பாட்டிக்குத்தான் பேத்தி யார் வீட்டுப் பிள்ளை என்று சந்தேகம். இது எந்த மயம்?

கோணமலைக் குறுமுனி

எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

பாலையூற்று மகளே, வெட்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? பாடசாலையிலும் கச்சேரியிலும் இடம் இல்லாத மொழியைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சிரிக்கின்றன. வேலை இருக்கும் மொழியில் எவ்வளவு கொச்சையாகப் பேசினாலும் யாரும் சிரிப்பதில்லை. அமெரிக்கனின் ஆங்கிலத்தைக் கேட்டு நம்மில் யார் சிரித்தோம்?

கிண்ணியா டீச்சர் கேட்ட கணக்கு எனக்குக் கடினமானது. எழுத்துக்கு வேலை போய்ப் பேச்சுக்கு வேலை கூடியிருக்கிறது என்பதுதான் என் விடை. அது இலாபமா என்று கேட்டால், பேச்சுக்கு இலாபம், இலக்கியத்துக்கு நட்டம். "தமிழர்" என்ற சொல்லுக்குள் யார் யார் என்ற கேள்விக்கு இந்த இழை போதாது. தனி இழை திறவுங்கள், முதல் ஆளாக வருகிறேன். ஆனால் ஒன்று தெரியும். தமிழுக்கு இந்த மாவட்டத்தில் மிஞ்சியிருக்கும் பலத்தில் பெரும்பங்கு கிண்ணியாவும் மூதூரும் தருவது. அதைக் கணக்கில் எடுக்காத மொழிப்பற்று அரைப்பற்று.

ஸ்காபரோத் தம்பியின் சிங்கப்பூர்க் கணக்கு என் கட்சிக்கு எதிரானது அல்ல. அங்கே தமிழுக்குக் கிடைத்தவை மரியாதைகள். சம்பளமும் பதவியும் ஆங்கிலத்திடம் இருக்கின்றன. பணத்தாளில் அச்சாவது ஒரு மொழிக்கு வேலை ஆகாது.

மாணவனுக்கு ஒரு தகவல். 1895இல் தமிழின் முதல் வரலாற்று நாவலை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம் திருகோணமலையில் பிறந்தவர். சென்னைக்குப் போய் ஆங்கிலம் படித்து, அங்கே கண்ட ஒரு வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். உலகமயம் என்ற சொல்லே இல்லாத காலத்து உலகமயம் அது. நீங்கள் முதல் வருடம் ஊமையாக இருந்தது உங்கள் தமிழின் குறை அல்ல. பள்ளியில் ஒரு மொழியைக் கொடுத்துப் பல்கலைக்கழக வாசலில் பறித்துக்கொள்ளும் ஏற்பாட்டின் குறை. ஆறாம் தரத்து ஆங்கில வகுப்பு அந்த வாசலை எட்டு வருடம் முன்னே தள்ளி வைக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை.

கிண்ணியாத் துறையடி

வேறொன்றும் செய்வதில்லை என்று அவ்வளவு இலேசாகச் சொல்லாதீர்கள். இந்த வருடம் என் மகள் ஆறாம் தரம். ஆங்கில வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், ஆசிரியையாக இருந்தும், இதையெல்லாம் தெரிந்தும். கொள்கைக்காக என் பிள்ளையை ஊமையாக்க என்னால் முடியாது. வீட்டில் உம்மும்மாவின் கவியைச் சொல்லிக் கொடுப்பேன். அது போதாது என்று எனக்கும் தெரியும்.

சோளகம்

டீச்சருக்கு அறிவுரை சொல்ல இங்கே யாருக்கும் அருகதை இல்லை என்று நினைக்கிறேன். நான் வேறு விசயத்துக்கு வந்தேன். அம்பாவைப் பதிவு செய்ய வேண்டும் என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். வயதான தண்டல் ஒருவரிடம் போய்ப் பேசினேன். கதிரையில் இருத்தி ஒலிவாங்கியை நீட்டினால் இரண்டு அடிக்கு மேல் அவருக்கு வரவில்லை. "கையில் கயிறு வேண்டும், பின்னால் ஆள் வேண்டும்" என்கிறார். சம்மாட்டி ஒருவர் வின்ச்சை நிறுத்திவைத்து ஒரு வளைப்புக்குச் சம்மதித்திருக்கிறார். இழுக்க இருபது பேராவது வேண்டும். வாடைக் காற்று தொடங்கினால் வலை வளைக்க முடியாது, ஆகவே புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணி, உப்புவெளி. இழுக்கத் தெரியாதவர்களும் வரலாம், பாரம் தானே கற்றுத்தரும்.

கோணேசபுரி மாணவன்

விடுதியிலிருந்து ஆறு பேர் வருகிறோம். இரண்டு பேர் சிங்கள நண்பர்கள், பாட்டு புரியாது, கை பலம்.

டச்சுக்குடாக் காகம்

நானும் வருகிறேன். கூலியா, மீனில் பங்கா என்பதை முதலில் சம்மாட்டியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.